ஊரு லைன்

ஏனுங்க, உங்க போன்ல எத்தனை லைனுங்க? ரெண்டுங்களா? ரெண்டும் உசுரோட இருக்குதான்னு இப்பவே ஒருக்கா பாத்துக்கங்க. சும்மா சொல்லலீங்க. மேல மூலைல கோடு கோடா நிக்குதில்லீங்க, அது ரெண்டு வரிசை இருக்கோணும். ஒரு வரிசைதான் இருந்துச்சுன்னா முடிஞ்சுதுங்க. உங்க மானம் ஊர்ல கப்பலேறிட்டிருக்கும், நீங்க பாட்டுக்குக் கடல் தாண்டி நின்னு எளநி குடிச்சுட்டிருப்பீங்க. நான் குடிச்சனுங்க. அதான் சொல்றேன்.

சித்தெ நகந்து உக்காருங்க, இந்தப் பக்கம் வெய்யில் அடிக்குது. காங்கயம் வரைக்கும்தான் நானு. காரு இருக்குதுங்க எனக்கு. பஸ்ஸுல போற ஆளு இல்லை. "இந்தக் கோவத்துல நீங்க வண்டி ஓட்டாதீங்க"ன்னு எங்கூட்டுக்காரி சாவியை எடுத்து எங்கியோ ஒளிச்சு வெச்சுட்டா. கோவமாமா. எனக்கென்னங்க கோவம்? நான் எப்பவும் பேசற மாதிரித்தான் பேசறேன்.

எம்பேரு சென்னியப்பன். காங்கயத்துல மோட்டாரு, பம்புசெட்டுக் கடை. வருசத்துல நெறைய பம்பு வித்த கடைக்காரங்களை கம்பெனிக்காரங்க வெளிநாடு கூட்டிட்டுப் போவாங்க, தெரியுமில்லீங்க. இந்தத் தடவை வியட்நாமு. புருசன் பொஞ்சாதியா வரச் சொல்லிட்டாங்க. எங்கூட்டுக்காரி சாரதாமணி பழனிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. சரி, அவளும் பாக்கட்டும்னு பாஸ்போர்ட்டு எடுத்தாச்சு.

இந்தப் பயணத்துக்கு முந்தின வாரந்தான் எம்பொண்ணைப் பாக்க தாராபுரத்துல இருந்து வந்திருந்தாங்க. ஒரே பொண்ணுங்க எனக்கு. கௌசிகா. பெருந்துறைப் பக்கம் ஒரு இஞ்சினீரிங் காலேசுல பாடம் நடத்தறா. என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க இந்த வயசு வரைக்கும். அப்படி வளத்து வெச்சிருக்கறேன். மாப்பிள்ளைப் பையன் பேரு நவநீதன். டிராக்டர் ஷோரூம் வெச்சிருக்கறான். தோப்பு, தண்ணி, எல்லாம் இருக்குது. பையனோட அப்பா குழந்தைசாமி, சுத்துப்பட்டுல அவரு பேச்சுக்கு ஒரு மருவாதி. இப்படி ஒரு இடம் தேடி வருதுன்னா உடுவாங்களா ஆராச்சும்?

பையன் பொண்ணுகிட்டத் தனியாப் பேசோணும்னான். பேசட்டும்னு உட்டனுங்க. நான் ஒண்ணும் அந்தக் காலத்து ஆளு இல்லை. பின்னால தென்னை மரத்தடில நின்னு பேசுனாங்க. அவங்க போனதுக்கப்புறம், "ஏன் அம்மிணி, பையன் நல்லாத்தானே இருக்கறான்?"னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுட்டு நின்னா. சரின்னுதானுங்களே அதுக்கு அர்த்தம்? எங்கூட்டுக்காரி என்னமோ சொல்ல வந்தா. "நீ போயி காப்பித் தம்ளரை எடுத்து வைய்யி"ன்னேன். நல்ல காரியம் பேசறப்ப குறுக்க குறுக்க வருவாங்க இவங்க.

குழந்தைசாமி போறப்ப சொல்லிட்டுப் போனாரு. "ஒறம்பரை, சொந்தபந்தத்துகிட்டக் கலந்துக்கிட்டு நானே உங்களைப் போன்ல கூப்பிடறேன்"னு. நானேன்னாருங்க. தரகர் மூலமா இல்லை, நேரா அவரே. அந்த மருவாதி எனக்கு.

நான் சொன்னேன், "நான் ஊர்ல இருக்க மாட்டேன், வியட்நாம்ல இருப்பேன், ஆனாலும் கூப்பிடுங்க, இதே நெம்பருதான்." சொல்லிட்டேன் பெருமையா.

இப்பத்தான் அந்த ரெண்டு லைன் சமாசாரம் வருதுங்க. வெளிநாடு போனா நம்ம ஊரு லைன்ல பேசுனா காசு தீட்டிருவாங்களாமா. அதனால அங்கத்த லைன் ஒண்ணை அதே போன்ல போட்டுக்கோணுமாமா. "கடைல போயி சிம்மு வாங்கிட்டு வரட்டுமா"ன்னேன். கௌசிகா சிரிச்சா. "சிம்மே வேண்டாங்கப்பா"ன்னா. அவ போன்ல இருந்த ஒரு கட்டம் போட்ட படத்தை என்ற போனுக்குக் காட்டுனா. அவ்ளோதானுங்க. கார்டும் இல்லை, ஒண்ணும் இல்லை, லைன் வந்துருச்சுன்னுட்டா. எனக்கு நம்பிக்கையே இல்லீங்க. கைல தொட்டுப் பாக்க முடியாத சாமானத்தை நான் வித்ததுமில்லை, வாங்குனதுமில்லை.

பேரு வேற வெச்சுக் குடுத்தா. ஒண்ணு "ஊரு", இன்னொண்ணு "வெளியூரு". "வெளியூரு லைன்ல நெட்டு வருங்கப்பா. வாட்ஸப்ல ஆருகூட வேண்ணாலும் பேசிக்கங்க. ஊரு லைன் சும்மா கெடக்கும். ஆராச்சும் அதுல கூப்பிட்டா மணியடிக்கும். எடுத்தறாதீங்க. பேரைப் பாத்துட்டு, வாட்ஸப்ல திருப்பிக் கூப்பிடுங்க"ன்னா. எத்தனை பொறுமைங்கறீங்க. காலேசுல புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற மாதிரியே சொன்னா. நானும் எழுதி வெக்காத குறையாக் கேட்டுக்கிட்டேன்.

"குழந்தைசாமி கூப்பிட்டா?"ன்னேன்.

"மணியடிக்குங்கப்பா"ன்னா.

அவ அந்த வாரம் பூராத்துக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்தா. பொண்ணுங்களுக்குக் கல்யாணம்னா அப்படித்தானுங்களே இருக்கும். கடைக்கு வரவே மாட்டா, கிரீஸ் வாசம் புடிக்காது. ஒரு நா மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுக்கிட்டு வந்தா. பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தா. நான் சாப்பிடாம போன்ல பேசிட்டிருந்தேன், வியட்நாம் போற கடைக்காரங்களோட. பேசி முடிச்சுட்டுத் திரும்பினா ஸ்டூலு காலி. பாசக்காரப் பொண்ணுங்க. அப்பனுக்குச் சோறு ஆறிப்போகக் கூடாதுன்னு அத்தனை தூரம் வந்திருக்கறா.

இன்னொரு நா காலைல, "அப்பா, அந்தத் தாராபுரத்துக்காரங்க..."ன்னு ஆரம்பிச்சா. பயந்துக்கறான்னு தெரிஞ்சுது எனக்கு. "நல்ல இடம் கண்ணு. ஒண்ணும் பயப்படாதே. எல்லாம் அப்பன் பாத்துக்கறேன்"னு தைரியம் சொன்னேன். அதுக்கு மேல ஒரு அப்பன் என்னங்க சொல்ல முடியும்? போயிட்டா.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு அவதான் காரோட்டிட்டு வந்தா. பெட்டியெல்லாம் எறக்கி வெச்சாச்சு. உள்ள போகோணும். எங்கையைப் புடிச்சுக்கிட்டா. சின்னப் புள்ளைல புடிப்பா பாருங்க, அந்த மாதிரி.

"அப்பா, ஒண்ணு சொல்லோணுங்கப்பா"ன்னா.

"போனைப் பத்தியா?"ன்னேன்.

என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. அப்பறம், "ஆமாங்கப்பா, போனைப் பத்தித்தான்"னா.

"அட, அதான் எல்லாம் சொல்லிட்டியே. நேரமாகுது"ன்னேன்.

"குடுங்க, எதுக்கும் ஒருக்காப் பாத்தறேன்"னு வாங்கினா. என்னமோ தட்டுனா. கண்ணுல தண்ணி அவளுக்கு. நாங்க அவளைத் தனியா உட்டுட்டுப் போனதில்லை பாருங்க. "அழுகாதே அம்மிணி, ஒரு வாரத்துல வந்தறோம்"னு சொல்லிட்டு, போனை வாங்கிப் பாக்கெட்ல போட்டுட்டுப் போயிட்டேன்.

வியட்நாமை உடுங்க. ஆறு, படகு, தென்னந்தோப்பு. நம்ம ஆனமலைப் பக்கம் பாக்காததா. எங்கூட்டுக்காரிதான் கூம்புத் தொப்பி வாங்கிப் போட்டுக்கிட்டு படகுல உக்காந்து சிரிச்சுட்டிருந்தா. எனக்குக் கண்ணெல்லாம் போன்லயே. குழந்தைசாமி கூப்பிடுவாரு, கூப்பிடுவாருன்னு. வாட்ஸப்ல எல்லாப் பயலும் கூப்பிட்டான். மோட்டார் ரிப்பேருக்காரன் கூப்பிட்டான். தாமதமா வந்த லோடுக்கு லாரிக்காரன் கூப்பிட்டான். கௌசிகா தெனமும் கூப்பிட்டா, மூஞ்சி பாத்துப் பேசற மாதிரி. மூஞ்சி வாடிக் கெடந்துது. "போனு நல்லா வேலை செய்யுதுங்களாப்பா?"ம்பா. "சூப்பரா வேலை செய்யுது கண்ணு"ம்பேன். பாருங்க, நானே சொல்லியிருக்கறேன்.

கூட வந்த ஈரோட்டுக் கடைக்காரரு ஒருத்தரு பாத்துட்டுச் சொன்னாரு. "என்னங்க, உங்க போன்ல ஒரு வரிசைதான் காட்டுது? எனக்கு ரெண்டு காட்டுதே?" அப்பவே நான் முழிச்சிருக்கோணும். எங்கூட்டுக்காரி பக்கத்துல இருந்தவ, "வெளிநாட்டுல அப்படித்தானுங்க காட்டும்"னுட்டா. இவளுக்கு என்னங்க தெரியும் போனைப் பத்தி? ஆனா சொன்ன வெசையப் பாத்து நானும் சரின்னுட்டேன்.

நீங்க கேக்க வர்றது புரியுதுங்க. நீயே ஏன் குழந்தைசாமியைக் கூப்பிட்டுக் கேக்கலைன்னுதானே? பொண்ணு ஊட்டுக்காரன் நாமளா கூப்பிட்டா எளக்காரமாயிருமில்லீங்க. அவரு கூப்பிடறேன்னாரு. அவருதான் கூப்பிடோணும். நான் முறை தவறுனவன் இல்லை.

திரும்பி வந்து கோயமுத்தூர்ல எறங்குனோம். கௌசிகா வந்து நின்னா. மொதக் காரியமா, "போனைக் குடுங்கப்பா, வெளியூரு லைனை எடுத்தறேன்"னா. தட்டிக் குடுத்தா. காரு நீலாம்பூர் தாண்டல, டிங்கு டிங்குன்னு மெசேசு. நீங்க ஊர்ல இல்லாதப்ப இன்னார் கூப்பிட்டாங்கன்னு கம்பெனிக்காரன் அனுப்பறான் பாருங்க, அது. அதுல ஒண்ணு, குழந்தைசாமி! கூப்பிட்டிருக்கறாரு. மணியடிக்கலை.

உடனே திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கலை. மறுக்காவும் கூப்பிட்டேன். எடுக்கலை. கௌசிகா முன்னால ரோட்டையே பாத்து ஓட்டிட்டிருந்தா. எங்கூட்டுக்காரி வெளிய வேடிக்கை பாத்துட்டிருந்தா. நான் ஒருத்தன்தானுங்க பதறுனேன் அந்தக் காருக்குள்ள.

மறுநா தரகர் கந்தப்பன் கடைக்கு வந்தான். வந்தவன் உக்காரக்கூட இல்லை. "என்னங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? பெரிய மனுசன் உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்கறாரு. போன் கம்பெனிக்காரன் அணைச்சு வெச்சிருக்குதுங்கறானாமா. பதில் வாங்கப் புடிக்காம போனை அணைச்சு வெச்ச ஊட்டுல எதுக்குச் சம்பந்தம்னுட்டாரு. நெகமத்துல வேற பொண்ணு பேசி முடிச்சாச்சு"ன்னான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க? நான் போனை அணைக்கற ஆளுங்களா? குளிக்கப் போறப்பக்கூட வாசல்ல வெச்சுட்டுப் போறவன் நானு! ஊரு பூராத் தூத்திப்போட்டானுங்க. டீக்கடைல பேசறாங்க, எங்காதுலயே உளுகுது. "சென்னியப்பனுக்கு ஏரோப்ளேன் ஏறுனதும் தலை கனத்துப்போச்சு. தாராபுரத்துக்காரரு போனையே எடுக்கலையாமா"ன்னு. கோயில்ல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க.

நேராத் திருப்பூர் போனேன். போன் கம்பெனி ஆபீசு. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, எல்லாவனும் ஒண்ணுதான். அங்க ஒரு புள்ளை உக்காந்திருந்துது கம்ப்யூட்டர் முன்னால. எல்லாம் தட்டிப் பாத்துட்டு, "சார், எங்க பக்கம் ஒரு கோளாறும் இல்லைங்க சார். அந்த லைனைப் போன்லயே ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க"ன்னுச்சு.

"ஆரு பண்ணுனது?"ன்னேன்.

"நீங்க, இல்லாட்டி உங்க வீட்டுல ஆராச்சும்..."

உட்டனா பாருங்க! "எங்கூட்டுல ஆரும் அப்படிப்பட்டவங்க இல்லை! நீங்க பண்ணுன தப்புக்கு எங்கூட்டு ஆளுக மேல பழி போடறீங்களா?"ன்னு கத்துனேன். மேனேசரு ஓடி வந்தாரு. எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க. பாக்கட்டும். "கோர்ட்டுக்கு இழுக்காம உட மாட்டேன்"னு சொல்லிட்டு வந்தேன். வக்கீல்கிட்டயும் பேசிட்டனுங்க. ஊட்டுல வந்து சொன்னா, எங்கூட்டுக்காரி, "போனாப் போகுது, இதோட உடுங்க"ங்கறா. கௌசிகா, "வேண்டாங்கப்பா, கேசெல்லாம் வேண்டாம்"கறா. எங்களுக்காகத்தானே இந்த மனுசன் இந்தப் பாடு படறான்னு ஒருத்திக்காச்சும் தோணுச்சா?

அப்பத்தானுங்க எனக்கு ஒண்ணு பொறி தட்டுச்சு. அந்த மெசேசை எடுத்துப் பாத்தேன். குழந்தைசாமி ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கறாரு. ஒண்ணே ஒண்ணு! கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாருன்னானே கந்தப்பன்? ஒருக்காக் கூப்பிட்டு, அணைஞ்சிருக்குதுன்னா, இன்னொருக்காக் கூப்பிட மாட்டாங்களா? ஒரு கல்யாணப் பேச்சுங்க! ஒரு பொண்ணோட வாழ்க்கை! இதுல என்னமோ இருக்குது, நெகமத்துக்காரங்க நகை சேத்துப் போட்டிருப்பாங்க, நம்மளைக் கழட்டி உடறதுக்கு போனைச் சாக்கு வெச்சிருக்கறாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். கேட்டே தீரோணும்.

அதான் இன்னிக்குக் காலைல தாராபுரம் போனேன். சாவியை ஒளிச்சு வெச்சா என்ன, பஸ்ஸு இல்லையா?

தோட்டத்துல இருந்தாரு குழந்தைசாமி. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "வாங்க, வாங்க"ன்னாரு. நான் உக்காரலை. போனை நீட்டுனேன் மூஞ்சிக்கு நேரா.

"ஒரு தடவைதானே கூப்பிட்டிருக்கறீங்க? அதுக்கு ஊரு பூரா என்னை மருவாதி தெரியாதவன்னு பேச வெச்சுட்டீங்களே, ஞாயமுங்களா? நான் கம்பெனிக்காரன் மேல கேசு போடப்போறேன். உங்களையும் சாட்சிக்குக் கூப்பிடுவேன். வந்து சொல்லுங்க கோர்ட்ல, எத்தனை தடவை கூப்பிட்டீங்கன்னு!"

அவரு கோவிச்சுக்கலீங்க. அதான் எனக்கு இன்னும் எரிச்சலாயிருச்சு. "உக்காருங்க மொதல்ல"ன்னாரு. உள்ள பாத்துக் குரல் குடுத்தாரு. அந்தப் பையன், நவநீதன், அவனே மோரு கொண்டு வந்து குடுத்தானுங்க. "வாங்க, நல்லாருக்கீங்களா? கௌசிகா நல்லாருக்காங்களா?"ன்னு கேட்டான், சிரிச்ச மூஞ்சியா. எப்பேர்ப்பட்ட பையன்! நெகமத்துக்காரங்க குடுத்து வெச்சவங்க. அவன் அந்தப் பக்கம் போனதும் குழந்தைசாமி சொன்னாரு.

"ஒரு தடவைதானுங்க கூப்பிட்டேன். கூப்பிட்டேன்னு சொல்றதுக்காகக் கூப்பிட்டேன். எனக்குப் பொய் சொல்லி வராது."

"புரியலீங்களே"ன்னேன்.

"அப்ப உங்க பொண்ணு இங்கதான் உக்காந்திருந்துச்சு. நீங்க இப்ப உக்காந்திருக்கற சேர்ல."

என்னங்க, நீங்களே அப்படிப் பாக்கறீங்க? நான் எப்படிப் பாத்திருப்பேன்!

ஏர்போர்ட்டுல எங்களை உட்டுட்டு, நேரா அங்க போயிருக்கறாளுங்க. தனியாக் காரோட்டிட்டு. முன்னப்பின்ன போகாத ஊட்டுக்கு. போயி அந்தப் பெரிய மனுசன் முன்னால உக்காந்து, "உங்க பையன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. எனக்குப் புடிக்கலீங்க"ன்னு சொல்லியிருக்கறா.

புடிக்கலையாமா! காரணம் வேண்டாமுங்களா அதுக்கு? அவரு கேட்டிருக்கறாரு, மனசுல வேற ஆராச்சும் இருக்கறாங்களா கண்ணுன்னு. இல்லீங்கன்னிருக்கறா. மேல படிக்கோணுமான்னு கேட்டிருக்கறாரு. அதெல்லாம் இல்லீங்க, இவரைப் புடிக்கலை, அவ்ளோதானுங்கன்னிருக்கறா. நான் குழந்தைசாமிகிட்டக் கேட்டேன், "இதெல்லாம் ஒரு காரணமுங்களா, சொல்லுங்க?"ன்னு. அந்த மனுசன் சொல்றாரு, "புடிக்கலைங்கறதுக்கு மேல என்னங்க காரணம் வேணும்? எம்பையன்கிட்டக் கேட்டேன், அவனும் சரிதானுங்கப்பான்னுட்டான்"னு. எப்படி இருக்குது பாருங்க! அப்பனும் மவனுமா எம்பொண்ணுக்கு ஒத்து ஊதியிருக்கறாங்க.

"சரி, அதை எங்கிட்ட நேராச் சொல்றதுக்கென்ன? போனை அணைச்சுட்டான்னு ஊர்ல ஏன் பேர் கெடுத்தீங்க?"ன்னேன்.

"பேர் கெடுத்தது கந்தப்பனுங்க. ஒண்ணைப் பத்தாக்கறது அவன் தொழிலு. பொண்ணு வந்து சொல்லித்தான் வேண்டாங்கறோம்னு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அந்தப் புள்ளை கேட்டுச்சு. அழுதுச்சுங்க. ஊட்டுக்கு வந்த பொட்டப்புள்ளை அழுகறதைப் பாத்துட்டு நான் சும்மா இருக்க முடியுங்களா? பழி எங்க மேல இருக்கட்டும், நாங்க கோவிச்சுக்கிட்டு வேற இடம் பாத்துட்டதா இருக்கட்டும்னேன். அப்பத்தான் சொல்லுச்சு, 'அப்பாவோட லைனு அணைஞ்சுதானுங்க இருக்குது, நாந்தான் ஏர்போர்ட்ல அணைச்சுட்டு வந்தேன்'னு. நான் அந்தப் புள்ளை முன்னாலயே கூப்பிட்டுப் பாத்தேன். அணைஞ்சிருந்துது. நல்லதாப் போச்சு, பொய் இல்லைன்னு உட்டுட்டேன். இப்ப நீங்க கேசு, கோர்ட்டுங்கறீங்க. ஒண்ணுந்தெரியாத கம்பெனிக்காரனை எதுக்கு இழுக்கறது? அதனால சொல்லிட்டேன். நான் சொன்னேன்னு பொண்ணை ஒரு வார்த்தை சொல்லப்படாது நீங்க"ன்னாரு.

எம்பொண்ணைச் சொல்லப்படாதுன்னு எனக்கு அவரு சொல்றாருங்க!

மோரைக் குடிச்சனா, வெச்சுட்டு வந்தனான்னே தெரியலை. ரோட்டுக்கு வந்து நின்னு எங்கூட்டுக்காரியைக் கூப்பிட்டேன். "தெரியுமா உனக்கு, உம்மவ பண்ணுன காரியம்?"ன்னு கத்துனேன். மெதுவா, "தெரியுங்க"ன்னா.

தெரியுமாமுங்க! படகுல தொப்பியப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாளே, அப்பவே தெரியுமாமா! வெளிநாட்டுல ஒரு வரிசைதான் காட்டும்னாளே! "ரெண்டு பேரும் சேந்து என்னைக் கேனயனாக்கிட்டீங்க இல்லை? எங்கிட்ட ஏண்டி சொல்லலை? அந்தத் தாராபுரத்துக்காரன்கிட்டச் சொல்ல வாய் இருக்குது, பெத்த அப்பன்கிட்டச் சொல்ல வாய் இல்லையா அவளுக்கு?"ன்னேன்.

"சொல்ல வந்தாளுங்க. எத்தனையோ தடவை வந்தா. நீங்கதான் ஒருக்காலும்..."னு ஆரம்பிச்சா.

கட் பண்ணிப்போட்டேன். மேல பேச உடலை நானு. பேசறதுக்கு என்னங்க இருக்குது இதுல? எப்ப வந்தாளாமா சொல்றதுக்கு? நான் ஊட்டுல இல்லையா, கடைல இல்லையா? எங்கிட்ட ஆரு வேண்ணாலும் வந்து பேசலாமுங்க. கடைக்கு வந்து கேட்டுப் பாருங்க. ஊட்டு வேலைக்காரிலருந்து லாரிக்காரன் வரைக்கும் எங்கிட்டத்தான் வந்து ஞாயம் கேப்பாங்க. எம்பொண்ணுக்கு மட்டும் என்னங்க? நான் என்ன புலியா, கரடியா? ஒரு நா கைய ஓங்கியிருப்பனா அவ மேல? கேட்ட வண்டி, கேட்ட படிப்பு. கேக்கறதுக்கு முன்னாலயே வாங்கிக் குடுத்திருவேன். அவ என்ன கேக்கப் போறான்னு எனக்குத் தெரியாதா? அவ வாயத் தொறக்கறதுக்கு முன்னால தெரியுங்க எனக்கு.

இருங்க, இருங்க. நான் சொல்லி முடிச்சறேன்.

எனக்குக் கல்யாணம் நின்னது கூடப் பெருசில்லீங்க. ஊரு பேசுனது பெருசில்லை. நாளைக்கு வேற ஒண்ணு பேசுவாங்க. வக்கீலுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லோணும், அது ஒரு மானக்கேடு, அதையும் சொல்லிக்கலாம். திருப்பூர்ல அந்தப் புள்ளையத் திட்டுனேன், அது ஒரு பக்கம் கெடக்கட்டும், அவங்களும் என்ன யோக்கியமா. அதெல்லாம் இல்லீங்க.

அழுதுச்சுன்னாரு பாருங்க அவரு. ஏர்போர்ட்டுல கண்ணு கலங்குனதைத் தவுத்து, எங்கண்ணு முன்னால அவ அழுது நான் பாத்ததே இல்லீங்க. பத்தாவது படிக்கறப்ப சைக்கிள்ல இருந்து உளுந்து கை ஒடிஞ்சு போச்சு. கட்டுப் போடறவரு இழுக்கறாரு, எனக்குத் தலை சுத்துது, அவ பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தா. "எம்பொண்ணு அழுக மாட்டா, தைரியசாலி"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவளா அழுதா? ஆருன்னே தெரியாத ஒருத்தர் ஊட்டுச் சேர்ல உக்காந்து? அவரு தண்ணி குடுத்தாராமா. குடிச்சுட்டு, மூஞ்சியத் தொடச்சுட்டு, "எங்க அப்பா நெம்ப நல்லவருங்க. ஆனா அவருகிட்டச் சொல்ல முடியாதுங்க"ன்னாளாமா. இதையும் அந்த மனுசன் எங்கிட்டச் சொல்றாரு. என்னமோ எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி.

நல்லவராமா. சொல்ல முடியாதாமா. ரெண்டும் எப்படிங்க ஒரே ஆளாயிருக்க முடியும்? பஸ் ஏறுனதுல இருந்து அதையேதான் நெனைச்சுட்டு வர்றேன். கோவம் கோவமா வருது. ஆரு மேலன்னுதான் புடிபடலை.

சாயங்காலம் அவ காலேசு உட்டு வந்துருவா. நான் ஊட்டுல இருப்பேன். என்னத்தைன்னு ஆரம்பிக்கறது? நாலு வார்த்தை நல்லாக் கேக்கோணும்னு வருது. ஆனா அவ வந்து முன்னால நின்னான்னா, நான் கேக்கறதுக்கும் அவ தலையைக் குனியறதுக்கும் சரியாப் போயிரும். எனக்கே தெரியுது.

ஏனுங்க, உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா? இருக்குதா. என்ன பண்ணுது? சரி, அது கெடக்கட்டும். உங்ககிட்ட வந்து எல்லாம் சொல்லுங்களா? புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லுமா, மூஞ்சிக்கு நேரா? அப்படிச் சொல்றப்ப நீங்க என்னங்க பண்ணுவீங்க? எப்படி உக்காந்திருப்பீங்க?

காங்கயம் வர இன்னும் நேரம் இருக்குது. சொல்லுங்க. நான் குறுக்க பேசலை.